கோர்ட் ஃபைனை முழுசாகக் கட்டியாச்சு, பெய்லிஃப் (நிலுவையை வசூலிக்க வருகிறவர்) இன்னும் 310 பவுண்ட் கேட்டு வாசலில் நிற்கிறார். கட்ட வேண்டுமா?

வாசுகி_ஹாரோ:
எல்லாருக்கும் வணக்கம். இது என் தம்பியின் பிரச்சினை, அவனுக்கு இரவு வேலை என்பதால் நான் எழுதுகிறேன். போன வருஷம் ஸ்பீட் கேமராவில் பிடிபட்டு கேஸ் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுக்குப் போனது. ஃபைன் 220, சர்சார்ஜ் 88, செலவு 90, மொத்தம் 398 பவுண்ட். பிப்ரவரி கடைசிக்குள் கட்டச் சொல்லியிருந்தார்கள். சம்பளம் வந்ததும் மார்ச் 4ஆம் தேதி அரசாங்கத்தின் ஆன்லைன் பக்கத்தில் 398ஐயும் ஒரேயடியாகக் கட்டிவிட்டான், ரசீது ஈமெயிலும் இருக்கிறது. அதோடு முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

மார்ச் 27 காலை ஏழு மணிக்கு ஒருவர் வந்து கதவைத் தட்டியிருக்கிறார். வீட்டில் அம்மா மட்டும்தான். 71 வயது, இங்கிலிஷ் சரியாக வராது, இதய வருத்தத்துக்கு மருந்து எடுக்கிறவர். அந்த ஆள் உள்ளே வரவில்லை, ஆனால் சத்தமாகக் கதைத்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் 75 ஒரு வரி, 235 இன்னொரு வரி, மொத்தம் 310. ஃபைன் தொகை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம். அந்த பெய்லிஃபின் கம்பெனிக்கு ஃபோன் பண்ணினால், கோர்ட்டுக்குக் கட்டியது கோர்ட்டுக்கு, எங்கள் கட்டணம் தனி, இன்றைக்கே கட்டாவிட்டால் பூட்டுத் திறக்கிறவரோடு வருவோம் என்கிறார்கள். அம்மா அன்றிலிருந்து ஒழுங்காகத் தூங்கவில்லை, கதவில் சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து உட்காருகிறார். இந்த 310ஐ நாங்கள் கட்டத்தான் வேண்டுமா?

ஈஸ்ட்ஹாம்காரன்:
ஒரு பென்ஸ் கூடக் கட்டாதீர்கள். கோர்ட்டுக்கு நேராகக் கட்டிவிட்டால் வாரண்ட் (பணத்தை வசூலிக்கச் சொல்லும் கோர்ட் உத்தரவு) செத்துவிடும், அதற்குப் பிறகு அவர்கள் கட்டணம் கேட்க சட்டத்தில் இடமே இல்லை. இதை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். கதவைத் திறக்காதீர்கள், ஃபோனை எடுக்காதீர்கள், கொஞ்ச நாளில் அவர்களே போய்விடுவார்கள்.

கமலா_டூட்டிங்:
வாசுகி தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் பேரில் எதுவும் இல்லை, அவரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று. அதன் பிறகு மற்றதைப் பார்ப்போம்.

மேலே ஈஸ்ட்ஹாம் தம்பி சொன்னதை அப்படியே எடுக்க வேண்டாம். ஒரு தொண்டு அமைப்பில் கடன் ஆலோசனை மேசையில் பல வருஷமாக உட்காருகிறேன், அந்தக் கதையை நம்பிக் கட்டாமல் இருந்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்து, வேல்ஸில் பெய்லிஃப் வேலைக்கு அடிப்படை 2007ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 12ஆம் அட்டவணையும். கட்டணங்கள் 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த தனி விதிகளில் இருக்கின்றன. அந்த விதிகளில் வைத்த கணக்கு இதுதான்: கோர்ட்டிடமிருந்து கேஸ் கம்பெனி கைக்கு வந்ததுமே 75 பவுண்ட், முதல் தடவை வீட்டு வாசலுக்கு வந்ததும் 235, பொருளை விற்கும் கட்டத்துக்குப் போனால் 110. கடன் 1,500க்கு மேல் இருந்தால் கடைசி இரண்டிலும், அந்த 1,500க்கு மேற்பட்ட தொகையில் ஏழரை சதவீதம் கூடும். எத்தனை தடவை வந்தாலும் அந்த 235 ஒரே தடவைதான். ஒவ்வொரு வருகைக்கும் தனியாக எழுதியிருந்தால் அது பிழை.

இப்போது முக்கியமான இடம். அந்த அட்டவணையில் "கட்ட வேண்டிய நிலுவை" என்றால் ஃபைன் மட்டும் இல்லை, சட்டப்படி ஏறிய கட்டணமும் சேர்ந்ததுதான் நிலுவை. ஆகவே கேஸ் கம்பெனிக்குப் போன பிறகு ஃபைனை மட்டும் கோர்ட்டுக்குக் கட்டினால், கட்டணம் நின்றுகொண்டே இருக்கும். கேஸ் போவதற்கு முன்பே கட்டியிருந்தால் கதை முற்றிலும் வேறு, அப்போது மீட்க நிலுவையே இல்லை, கட்டணம் எங்கிருந்து முளைக்கும்?

உங்கள் விஷயத்தில் எல்லாமே தேதிதான். தம்பி கட்டியது மார்ச் 4. கோர்ட் வாரண்ட் எழுதிய தேதி என்ன, அது கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்த தேதி என்ன, அவர்கள் முன்னறிவிப்புக் கடிதம் எந்த விலாசத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பினார்கள், இவை எல்லாம் எனக்கு வேண்டும். கம்பெனியிடம் வாயால் கேட்காதீர்கள், ஈமெயிலில் கேளுங்கள். கோர்ட்டின் ஃபைன் பிரிவுக்கும் ஃபோன் பண்ணுங்கள், ஃபைன் நோட்டீஸில் உள்ள டிவிஷன் எண்ணையும் கணக்கு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு.

மெய்_ரெடிங்:
கமலா மேடம் சொல்வது சரி. எனக்கு நடந்தது ஈஸ்ட்ஹாம்காரர் சொன்னதற்கு நேர் எதிர். ரயிலில் டிக்கெட் விஷயமாக வந்த கேஸ், ஃபைன் கட்ட நாள் தாண்டிவிட்டது. கம்பெனியின் முன்னறிவிப்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் கோர்ட்டுக்கு நேராகக் கட்டினேன். நானும் நெட்டில் படித்துவிட்டு, 75 பவுண்ட் தர மாட்டேன் என்று எழுதினேன். கோர்ட்டுக்கும் எழுதிப் பார்த்தேன், வாரண்ட் போன பிறகு வந்த பணம், கட்டணத்தை ஏஜென்ட்டுடன் (அதாவது பெய்லிஃபுடன்) பேசிக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரியில் பதில். வீட்டுக்கு ஆள் வருவதற்குள் அந்த 75ஐக் கட்டி முடித்தேன். வந்திருந்தால் மேலே 235 ஏறியிருக்கும். கடிதம் வந்த பிறகு குறைந்தது ஏழு முழு நாட்கள் தருகிறார்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. பணம் கட்ட வேண்டியவர்கள் அந்த ஏழு நாளுக்குள் முடித்துவிட்டால் 75ஓடு போகும்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
அப்படியென்றால் 2014 கட்டண விதிகளில் 17வது விதி எதற்கு? அமலாக்க அதிகாரம் முடிந்த பிறகு நடந்த வேலைக்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. ஃபைன் கட்டியாச்சு என்றால் அதிகாரம் முடிந்தது. நான் சும்மா சொல்லவில்லை, படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கமலா_டூட்டிங்:
விதியைப் படித்தீர்கள் என்றால் நல்லதுதான் தம்பி, இங்கே பல பேர் அது கூடச் செய்வதில்லை. ஆனால் அதிகாரம் எப்போது முடிகிறது என்பதுதான் கேள்வி, அதற்கு விடை 17வது விதியில் இல்லை, அட்டவணையில் இருக்கிறது. நிலுவை முழுசாகத் தீர்ந்தால்தான் ஏஜென்ட் நிறுத்த வேண்டும், அந்த நிலுவைக்குள் கட்டணமும் இருக்கிறது. அதே விதிகளில் 13ஐயும் பாருங்கள். மீட்ட பணம் நிலுவைக்குக் குறைவாக இருந்தால் முதலில் அந்த 75 போகும், மிச்சத்தை ஃபைனுக்கும் மற்றக் கட்டணத்துக்கும் விகிதப்படி பிரிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஃபைன் போனால் கட்டணமும் தானாகப் போய்விடும் என்று சட்டம் நினைத்திருந்தால் இப்படிப் பிரிக்கிற கணக்கே தேவைப்பட்டிருக்காது.

17வது விதி உதவுகிற இடம் இருக்கிறது. வாரண்ட் செல்லாமல் போனாலோ, கோர்ட் அதைத் திரும்ப எடுத்தாலோ, அதற்குப் பிறகு நடந்த எதற்கும் கட்டணம் வாங்க முடியாது. ஆகவே வாசுகி செய்ய வேண்டியது கம்பெனியோடு மல்லுக்கட்டுவது இல்லை, வாரண்டை கோர்ட்டே திரும்ப எடுக்கும்படி செய்வது.

இன்னொன்று, கதவைத் திறக்காதீர்கள் என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். கவுன்சில் வரிக்கும் பார்க்கிங்குக்கும் வருகிறவர் முதல் தடவை பூட்டைத் திறந்து உள்ளே வர முடியாது. ஆனால் குற்றவியல் கோர்ட் ஃபைனுக்கு, தேவையான அளவு பலத்தைப் பயன்படுத்தி உள்ளே வர சட்டத்தில் இடம் உண்டு. எடுத்த எடுப்பில் அப்படிச் செய்கிறவர்கள் அபூர்வம், ஆனாலும் ஃபோனை எடுக்காமல் இருந்தால் போய்விடுவார்கள் என்று ஒரு வயதான அம்மா இருக்கிற வீட்டுக்குச் சொல்வது சரியில்லை.

இரவுவேலை_லூயிஷம்:
கேட்க ஒரு கேள்வி. நான் பிசிஓ டிரைவர், அதாவது வாடகைக் கார் ஓட்டுகிறவன். பழைய விலாசத்துக்கே கடிதம் எல்லாம் போயிருக்கிறது, காரின் பதிவு ஆவணமான லாக்புக்கில் விலாசம் மாறாமல் இருந்தது. காரை யார் ஓட்டியது என்று போலீஸ் கேட்ட கடிதம், கோர்ட் கடிதம், ஃபைன் கடிதம், எதுவுமே எனக்குத் தெரியாது. முதன்முதலில் தெரிந்ததே பெய்லிஃப் வந்தபோதுதான். லைசென்ஸில் ஆறு பாயிண்ட் ஏறியிருக்கிறது. ஃபைனோடு கட்டணமும் சேர்த்து ஆயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். கட்டிவிட்டு அப்புறம் முறையிடலாமா?

கமலா_டூட்டிங்:
தம்பி, பொறுங்கள், கட்டுவதற்கு முன்னால் இதைப் படியுங்கள். வழக்கு நடந்ததே தெரியாதவர்களுக்கு என்று ஒரு வழி இருக்கிறது. ஸ்டாட்யூட்டரி டிக்ளரேஷன் என்று கேட்டால் கோர்ட்டில் உடனே புரிந்துகொள்வார்கள். "இந்த வழக்கைப் பற்றி எனக்குத் தெரியாது" என்று சத்தியம் செய்து எழுதிக் கொடுப்பது. தெரிய வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தாண்டினால் காரணம் சொல்லி கோர்ட்டைச் சம்மதிக்க வைக்க வேண்டும். 1980ஆம் ஆண்டு மாஜிஸ்ட்ரேட் கோர்ட் சட்டத்தில் 14ஆம் பிரிவு. நீதிபதி தனியாக உட்கார்ந்து தாளைப் பார்த்தே முடிக்கிற வழக்குகளுக்கு அதே சட்டத்தில் 16ஈ பிரிவு. உங்களுடையது அனேகமாக இந்த இரண்டாவது வகைதான்.

ஏற்றுக்கொண்டால் தீர்ப்பு, ஃபைன், பாயிண்ட் எல்லாம் செல்லாது, வாரண்டும் அதோடு விழும், பெய்லிஃப் கட்டணத்துக்குக் காலே இருக்காது. ஆனால் வழக்கு திரும்ப முதலிலிருந்து தொடங்கும், அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். தெரிந்திருந்தும் தெரியாது என்று சத்தியம் செய்தால் அதுவே தனிக் குற்றம், அதனால் நிஜமாகவே தெரியாதவர்கள் மட்டும் செய்யுங்கள். கோர்ட்டில் நாள் வாங்கியதும், இன்ன தேதிக்கு டிக்ளரேஷன் கொடுக்கிறேன், அதுவரை நிறுத்துங்கள் என்று கம்பெனிக்கு ஒரு ஈமெயில் போடுங்கள்.

கார் விஷயம்: தொழிலுக்கு வேண்டிய பொருளுக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் மொத்தம் 1,350 பவுண்ட் வரைதான், டாக்ஸியாக ஓடுகிற கார் எதுவும் அந்த விலைக்குள் வராது. வீட்டு வாசலிலோ தெருவிலோ நிற்கிற காரின் சக்கரத்துக்கு அவர்கள் பூட்டுப் போடலாம். பூட்டிய பிறகு குறைந்தது இரண்டு மணி நேரம் விட்டுத்தான் எடுத்துப் போகலாம். கார் ஃபைனான்ஸில் இருந்தால் அந்த அக்ரிமெண்டை இப்போதே ஈமெயிலில் அனுப்பி வையுங்கள், கடன் தீரும்வரை அது உங்கள் பொருள் இல்லை.

வாசுகி_ஹாரோ:
அக்கா, இன்றைக்குக் காலையில் கோர்ட் ஃபைன் பிரிவோடு கதைத்தேன். வெகு நேரம் லைனில் வைத்திருந்தார்கள், ஆனால் கிடைத்த பெண் நல்ல மாதிரி. கணக்கில் மிச்சம் பூஜ்யம் என்கிறார். தம்பி கட்டிய காசு மார்ச் 5ஆம் தேதி கணக்கில் ஏறியிருக்கிறது. வாரண்ட் எழுதியது மார்ச் 6. அதாவது காசு ஏறிய மறுநாள்! கம்பெனியும் ஈமெயிலில் பதில் போட்டிருக்கிறது, அவர்களுக்குக் கேஸ் வந்தது மார்ச் 7, முன்னறிவிப்பு அனுப்பியது மார்ச் 10, விலாசம் தம்பி இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த வெம்பிளி வீடு. இதை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "எங்களுக்கு வாரண்ட் வந்தது, வேலை செய்தோம், கட்டணம் செல்லும்" என்று முடித்திருக்கிறார்கள்.

கமலா_டூட்டிங்:
அப்படியென்றால் வழி திறந்துவிட்டது தங்கச்சி. 4ஆம் தேதி கட்டி, 5ஆம் தேதி ஏறி, 6ஆம் தேதி வாரண்ட். தீர்ந்துபோன ஃபைனுக்கு எழுதிய வாரண்ட் அது. கம்பெனி நேர்மையாக வேலை செய்ததா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை, மீட்க எதுவும் இல்லாத இடத்தில் கட்டணம் உட்கார ஒரு தரை இல்லை. கோர்ட்டுக்குள் ஒரு கணினியும் இன்னொரு கணினியும் ஒன்றையொன்று பார்க்காமல் விட்டதற்கு உங்கள் தம்பி பொறுப்பில்லை.

இப்போது கோர்ட்டுக்கு ஈமெயில் போடுங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம். கணக்கு எண், தம்பியின் பெயர், பிறந்த தேதி மேலே. அப்புறம் நான்கு விஷயம் மட்டும்: மார்ச் 4இல் 398 பவுண்ட் முழுதும் கட்டப்பட்டது, ரசீது இணைப்பில். உங்கள் பதிவின்படி மார்ச் 5இல் கணக்கில் ஏறியது. வாரண்ட் மார்ச் 6இல் எழுதப்பட்டது, அப்போது மீட்க எதுவும் இல்லை. ஆகவே வாரண்டைத் திரும்ப எடுத்து, எடுத்ததை ஏஜென்ட்டுக்கும் எங்களுக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம், அது இல்லாமல் விட்டால் கணக்கு தீர்ந்தது என்று மட்டும் பதில் போட்டுவிட்டு வாரண்டை மறந்துவிடுவார்கள். அதே ஈமெயிலைக் கம்பெனிக்கும் நகல் போடுங்கள், கோர்ட் பதில் வரும்வரை எல்லாவற்றையும் நிறுத்தி வைக்கும்படி மேலே ஒரு வரி சேர்த்து.

ஃபோனில் அவர்களோடு இனிக் கதைக்க வேண்டாம். தவறிப்போய் எடுத்துவிட்டால், ஈமெயிலில் எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வையுங்கள்.

மெய்_ரெடிங்:
பழைய விலாசத்துக்கு நோட்டீஸ் போனது தனியாக ஒரு பாயிண்ட் இல்லையா மேடம்?

கமலா_டூட்டிங்:
உண்டு, ஆனால் அதை முதலில் வைத்தால் பேச்சு விலாசத்தைச் சுற்றியே சுழலும். கோர்ட் பதிவில் எந்த விலாசம் இருந்தது, தம்பி மாற்றிச் சொன்னாரா என்று நாலு கேள்வி வரும். தேதி மட்டும் போதும் என்கிறபோது அதையே பிடியுங்கள்.

அம்மாவின் விஷயம் வேறு, அதை நான் விட மாட்டேன். ஏஜென்ட்கள் நடக்க வேண்டிய முறை பற்றி அரசாங்கமே 2014இல் ஒரு ஆவணம் வெளியிட்டிருக்கிறது. யாரை எல்லாம் பலவீனமான நிலையில் இருப்பவராகக் கருதலாம் என்று அதில் ஒரு பட்டியல். வயதானவர்கள், கடும் நோயாளிகள், அண்மையில் உறவை இழந்தவர்கள், கர்ப்பிணிகள், அதோடு இங்கிலிஷ் பேசவோ வாசிக்கவோ புரிந்துகொள்ளவோ வெளிப்படையாகச் சிரமப்படுகிறவர்கள். நம் வீடுகளில் கதவைத் திறக்கிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பட்டியலுக்குள் வருவார்கள். வீட்டில் அப்படிப்பட்ட ஒருவரோ 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையோ மட்டும் இருந்தால், ஏஜென்ட் உள்ளே வந்து பொருளைக் கைப்பற்றவே கூடாது. காலை ஆறு மணிக்கு முன்னும் இரவு ஒன்பதுக்குப் பின்னும் வரக் கூடாது, ஏழு மணிக்கு வந்தது சட்டப்படி சரிதான். ஆனால் நிலைமை தெரிந்த பிறகும் சத்தம் போட்டது சரியில்லை.

கடன்காரரே அப்படிப்பட்டவராக இருந்தால் இன்னும் ஒரு பாதுகாப்பு உண்டு, கட்டண விதிகளில் 12வது. உதவியும் ஆலோசனையும் தேட அவருக்குப் போதிய வாய்ப்புக் கொடுக்காமல் விட்டால் அந்த 235 வாங்க முடியாது. இங்கே கடன்காரர் தம்பி என்பதால் அது பொருந்தாது, ஆனால் வாசிக்கிற மற்றவர்களுக்கு உதவும்.

புதியவன்_குரோய்டன்:
நடுவில் வருகிறேன், மன்னியுங்கள். எனக்கும் பெய்லிஃப் கடிதம் வந்திருக்கிறது, கவுன்சில் பஸ் லேன் டிக்கெட். நானும் கோர்ட் ஃபைன் பிரிவுக்குத்தான் எழுத வேண்டுமா? ப்ரீதிங் ஸ்பேஸ் (கடன் வசூலைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கிற திட்டம்) எடுத்தால் நிற்கும் என்று ஒருவர் சொன்னார்.

கமலா_டூட்டிங்:
இல்லை தம்பி, இரண்டையும் குழப்பாதீர்கள். பஸ் லேன், கவுன்சில் பார்க்கிங் எல்லாம் கோர்ட் ஃபைன் இல்லை. அவை நார்த்தாம்ப்டனில் இருக்கிற ட்ராஃபிக் என்போர்ஸ்மென்ட் சென்டர் வழியாக வருகின்றன. டிக்கெட் வந்ததே தெரியாது என்றால் அங்கே அதற்கான படிவங்களை நிரப்பி அனுப்ப வேண்டும். 2021இல் வந்த ப்ரீதிங் ஸ்பேஸ் உங்களுக்கு உதவலாம், ஒரு கடன் ஆலோசகர் மூலமாகத்தான் எடுக்க முடியும். வாசுகியின் தம்பி மாதிரி குற்ற வழக்கில் விழுந்த ஃபைனுக்கு அது செல்லாது. கடன் ஆலோசனை தருகிற நேஷனல் டெட்லைனுக்கோ ஸ்டெப்சேஞ்சுக்கோ ஃபோன் பண்ணுங்கள், காசு வாங்க மாட்டார்கள். காசு வாங்கிக்கொண்டு பெய்லிஃபை நிறுத்தித் தருகிறேன் என்று ஃபேஸ்புக்கில் வருகிறவர்களிடம் போகாதீர்கள்.

ஈஸ்ட்ஹாம்காரன்:
வாசுகி அக்காவின் கேஸில் கட்டணம் செல்லாது என்பதில் இப்போது எல்லாரும் ஒரே பக்கம்தான். ஒருவேளை கோர்ட் வாரண்டை எடுக்காவிட்டால்? அந்த ஏஜென்ட் மேல் கவுண்டி கோர்ட்டில் புகார் போடலாம், ஈஏசி2 படிவம். லைசென்ஸே போகும்.

கமலா_டூட்டிங்:
அந்தப் படிவம் அந்த மனிதர் ஏஜென்ட் வேலைக்குத் தகுதியானவரா என்று கேட்பதற்கு, கட்டணக் கணக்குப் பார்ப்பதற்கு இல்லை. நியாயமான அடிப்படை இல்லாமல் கோர்ட் நடைமுறையைத் தவறாகப் பயன்படுத்தியதாக நீதிபதி நினைத்தால் செலவு புகார் கொடுத்தவர் தலையில் விழலாம். கட்டணத் தொகையில் தகராறு என்றால் அதைக் கோர்ட்டே மதிப்பிட வேண்டும் என்று கேட்கத் தனி வழி இருக்கிறது, சிவில் நடைமுறை விதிகளில் 84ஆம் பகுதி. இரண்டும் கடைசிக் கதவுகள். முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார், அதில் தீராவிட்டால் என்போர்ஸ்மென்ட் கண்டக்ட் போர்டு. இந்தத் துறையைக் கண்காணிக்க வந்த சுதந்திர அமைப்பு, 2025 முதல் மக்களின் புகாரையும் எடுக்கிறது.

வாசுகி_ஹாரோ:
எல்லாருக்கும் நன்றி, நல்ல செய்தியோடு வந்திருக்கிறேன். கோர்ட்டிலிருந்து ஈமெயில் வந்துவிட்டது. வாரண்ட் திரும்ப எடுக்கப்பட்டது, ஏஜென்ட்டுக்கும் அறிவித்துவிட்டோம், மேற்கொண்டு எதுவும் கட்டத் தேவையில்லை என்று இருக்கிறது. அதைக் கம்பெனிக்கு அனுப்பிக் கேட்டதும் அவர்களும், கேஸ் மூடப்பட்டது, பாக்கி பூஜ்யம் என்று ஒரு வரியில் பதில். மன்னிப்பு எதுவும் இல்லை. தம்பி இரண்டு ஈமெயிலையும் பிரிண்ட் எடுத்து அம்மாவிடம் கொடுத்து, யாராவது வந்தால் கதவைத் திறக்காமல் ஜன்னலில் இதைக் காட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறான்.

எனக்குக் காசை விட அந்தக் காலைதான் மனதில் நிற்கிறது அக்கா. அம்மாவிடம் அந்த ஆள் நடந்துகொண்ட விதத்துக்குப் புகார் போடப் போகிறேன். கேஸே மூடிவிட்டதால் இனிப் போட முடியாது என்று ஏதாவது இருக்கிறதா?

கமலா_டூட்டிங்:
அப்படி ஒன்றும் இல்லை, தாராளமாகப் போடுங்கள். ஆனால் புகார் எழுதுவதற்கு முன்னால் வீடியோவைக் கேளுங்கள். இந்த ஏஜென்ட்கள் பெரும்பாலும் உடம்பில் கேமரா மாட்டியிருப்பார்கள், பதிவை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள். மார்ச் 27 காலை ஏழு மணி வருகையின் ஒலி, ஒளிப் பதிவை அழிக்காமல் வைத்து எங்களுக்குத் தாருங்கள் என்று தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஈமெயில் போடுங்கள், ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பதிவில் இருப்பது அம்மாவின் முகமும் குரலும் என்பதால் அவர் பெயரில் கேளுங்கள், உங்களுக்குக் கொடுக்கச் சம்மதம் என்று அவர் கையெழுத்துப் போட்ட ஒரு தாளையும் சேர்த்து. இன்றைக்கே அனுப்புங்கள், புகாரை நாளைக்கு எழுதலாம்.

வாசுகி_ஹாரோ:
சரி அக்கா, அம்மா இப்போதுதான் கையெழுத்துப் போட்டார். அனுப்பிவிட்டு வருகிறேன்.